கரடிக்குப் பயந்து போட்ட கேம் ரூம்: எது தேறுச்சு, எது ஊறிப் போச்சு

கட்டபெட்டு தாண்டி கோத்தகிரி ரோட்டுல எங்களுக்கு ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே இருக்கு. சாயங்காலம் ஆறரைக்கு மேல வெளிய நடக்காதீங்கன்னு வர்ற கெஸ்ட் எல்லார்கிட்டயும் சொல்லிடுவோம். சும்மா பயமுறுத்த சொல்றது இல்லைங்க, தேயிலைத் தோட்டத்துக்குள்ள இருந்து கரடி நேரா கிச்சன் பின்பக்கம் வந்து நிக்கும், காட்டெருமை கேட்டுக்கு முன்னாடி படுத்துச்சுன்னா அதுவா மனசு வச்சு எந்திரிச்சா தான் உண்டு. சரி வெளிய போக முடியாது, டிவி பாக்கவா இவ்ளோ தூரம் வந்தாங்க, நெட்டு எப்ப வரும் எப்ப போகும்னு எங்களுக்கே தெரியாது, அப்ப ஆறரைல இருந்து பத்து மணி வரைக்கும் அவங்க என்ன தான் பண்ணுவாங்க? எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் டீ குடிச்சுட்டே "கேம் ரூம் போட்டுரலாம்"னார். அவ்ளோ தான், ரெண்டு வருஷத்துல ரெண்டே கால் லட்சத்துக்கு மேல போயிருச்சு, அதுல 54,000 சுத்தமா தண்டம். அந்த தண்டத்த நீங்களும் அழ வேணாம்னு தான் இத டைப் பண்றேன். குறிப்பா மலையில இருக்கறவங்களுக்கு, ஏன்னா கீழ கோயமுத்தூர்ல நல்லா ஓடுற பொருள் இங்க மேல வந்தா நடந்துக்கிற விதமே வேற.

மொதல்ல ரூம் அளவு. எல்லாரும் டேபிள் எத்தன அடின்னு பாக்குறாங்க, அது ரூமுக்குள்ள போகுமான்னு பாக்குறாங்க, போகும், ஆனா ஆட முடியுமா? பூல்ங்கிறது நீளக் குச்சியால பந்த தட்டி மேஜை ஓரத்து பாக்கெட்டுல விழ வைக்கிற ஆட்டம், அந்த டேபிளுக்கு கணக்கு என்னன்னா, ஆடுற பரப்போட நீளம் அகலம் ரெண்டுலயும் ரெண்டு குச்சி நீளத்த கூட்டணும். குச்சி 58 அங்குலம். எட்டடி டேபிள்ல ஆடுற பரப்பு 88க்கு 44 அங்குலம், அப்ப ரூம் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வேணும். எங்க ரூம் சரியா 17க்கு 13. கோயமுத்தூர்ல ஒரு கடையில விசாரிச்சப்ப அந்த தம்பி "எட்டடி டேபிள் தானுங்க்கா, உங்க ரூம் பதினேழு அடி, தாராளமா போகுமுங்க்கா, சுத்தி டான்ஸே ஆடலாம்"னாரு. டான்ஸ் ஆடலாம், ஷாட் அடிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் குச்சியோட பின் முனை சுவத்துல இடிக்கும். ஏழடி டேபிள்னா பரப்பு 78க்கு 39, ரூம் 16 அடி 2 அங்குலம், 12 அடி 11 அங்குலம் போதும். அகலத்துல ஒரு அங்குலம் மிச்சம், சந்தோஷம். ஆனா ஒரு பக்க சுவத்துல பழைய காலத்து கணப்பு ஒரு அடி வெளிய துருத்திட்டு நிக்குது, அத இடிக்கலாமான்னு வீட்டுக்காரர் ஒரு நாள் அது முன்னாடி சம்மட்டியோட நின்னதப் பாத்து நான் போட்ட சத்தத்துல கரடியே ஓடியிருக்கும். அந்த பக்கத்துக்கு மட்டும் 48 அங்குல குட்டைக் குச்சி ஒன்னு தனியா வாங்கி வச்சோம், பிரச்சன முடிஞ்சுது. ரூமுக்குள்ள நியூஸ்பேப்பர டேபிள் அளவுக்கு விரிச்சு ஒட்டி ஒரு வெளக்கமாத்துக் கட்டைய வச்சு ஷாட் அடிக்கிற மாதிரி சுத்தி வந்து பாருங்க, செலவே இல்லாம முக்கால்வாசி தப்பு அங்கயே தெரிஞ்சுரும்.

வீட்டுக்காரருக்கு உண்மையில ஆசை ஸ்னூக்கர் மேல தான். "நம்ம மலையில பொறந்த ஆட்டம், நம்ம வீட்டுல இல்லன்னா எப்படி"ன்னு ஒரு மாசம் பாட்டு. முழுசா சொல்லணும்னா பொறந்தது ஜபல்பூர், 1875ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் மேஜையில கூட கொஞ்சம் கலர் பந்த போட்டு ஆரம்பிச்சது, அதுக்கு ஒழுங்கா விதி எழுதி ஒட்டினது 1882ல ஊட்டி கிளப்ல. பேரு கூட ட்ரெய்னிங்ல இருக்கிற புது பசங்கள கிண்டலா கூப்பிடுற சொல்லு தான். வரலாறெல்லாம் சரி, ஸ்னூக்கர் டேபிள் 12 அடிக்கு 6 அடி, ரூம் 22க்கு 16 வேணும், எடை ஒரு டன்னுக்கு மேல. எங்க தரை பழைய பலகைத் தரை. வரலாறு நேரா கீழ் ரூம்ல படுத்திருக்கிற கெஸ்ட்டு மேல போய் விழும்னு சொன்னதும் தான் ஏழடி பூலுக்கு எறங்கி வந்தார்.

இப்ப முதல் தண்டம், 38,000. ஆன்லைன்ல வாங்கின டேபிள், போட்டோல பளபளன்னு இருந்துச்சு, விவரத்துல "ஸ்லேட் ஃபினிஷ்"னு போட்டிருந்தான். ஸ்லேட்னா கல்லு, பூல் டேபிளுக்கு துணிக்கு அடியில இருக்க வேண்டிய கல்லுன்னு நாங்க நெனச்சோம். வந்து பாத்தா அடியில எம்டிஎஃப் பலகை. ஸ்லேட்டுன்னு அவன் சொன்னது கலரயாம். போன் பண்ணி கேட்டா "மேடம் ஃபினிஷ்னு தான போட்டிருக்கோம்"னு சிரிக்கிறான், எனக்கு அழுகையா வந்துச்சு.

சரி போகட்டும்னு ஆடினோம், ஏப்ரல் மே ரெண்டு மாசம் நல்லாவே இருந்துச்சு. எங்க பக்கம் ஜூன் ஜூலை சாரல் சமாளிச்சிரலாம், ஐப்பசி கார்த்திகை அடைமழை தான் பெருசு, விட்டு விடாம பத்து நாள் மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். எம்டிஎஃப்ங்கிறது மரத்தூள பசை போட்டு அழுத்தின பலகை, ஈரம் குடிச்சா வர்க்கிய டீயில முக்கின மாதிரி ஊதும். மொதல்ல ஓரமெல்லாம் உப்புச்சு, அப்புறம் நடுவுல லேசா தொங்குச்சு. தீபாவளி சமயத்துல வெள்ளைப் பந்த எங்க வச்சு மெதுவா தட்டினாலும் ஜன்னல் பக்க நடு பாக்கெட்டுக்கு தானா உருண்டு போய் விழும். ஒன்பதாவது படிக்கிற எங்க பையன் அந்த வழிய மனப்பாடம் பண்ணிட்டு பெங்களூர்ல இருந்து வந்த ஐடி அண்ணனுங்கள வரிசையா தோக்கடிச்சான். அவங்க அவன பெரிய மேதைன்னு நெனச்சுட்டு போனாங்க.

அதுக்கப்புறம் தான் பழைய டேபிளா இருந்தாலும் கல்லு டேபிள் தான்னு முடிவு பண்ணி, கோயமுத்தூர்ல மூடப் போற ஒரு பூல் பார்லர்ல இருந்து ஏழடி டேபிள் 70,000க்கு எடுத்தோம். பழசு வாங்கப் போறவங்க இத கவனிங்க. டேபிளுக்கு அடியில படுத்துப் பாக்க கூச்சப்படாதீங்க, நான் சுடிதாரோட தரையில படுத்துப் பாத்தேன், அடியில சாம்பல் கலர்ல கல்லு தெரியணும், காசு வச்சு தட்டினா கல்லுச் சத்தம் கணீர்னு வரும், பலகைன்னா தொப்புன்னு கேக்கும். அப்புறம் குஷன், அதான் பந்து மோதித் திரும்புற ஓரப் பட்டை. ஒரு முனைல இருந்து நேரா பலமா அடிச்சா பந்து டேபிள் நீளத்துக்கு மூணு நாலு தடவையாவது போய் வந்து ஓடணும், ரெண்டுலயே மூச்சு வாங்குச்சுன்னா உள்ள ரப்பர் செத்துருச்சுன்னு அர்த்தம், அத மாத்துற செலவ விலையில கொறைக்க சொல்லுங்க. துணி கிழிஞ்சிருந்தா கவலப்படாதீங்க, எப்படியும் கழட்டி மாட்டும்போது புதுத்துணி தான் போடணும்.

கொண்டு வந்து பூட்ட 14,000 ஆச்சு, டெம்போவும் ஃபிட்டர் கூலியும் சேத்து. கல்லு மூணு துண்டா வரும், எங்களுது ஒவ்வொன்னும் அம்பது அம்பத்தஞ்சு கிலோ இருக்கும், மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் அது பின்னாடி என்ன ஆகுதோன்னு வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்துல உக்காராம பின்னாடி கல்லோடயே உக்காந்து வந்தார். ஃபிட்டர் அண்ணன் வேல பாத்தத நான் அடுப்ப அணைச்சுட்டு வந்து நின்னு பாத்தேன், அவ்ளோ அழகு. மூணு கல்லையும் ஃப்ரேம் மேல எறக்கி, ரசமட்டம் வச்சு நீளவாக்குல, குறுக்குவாக்குல, மூலைக்கு மூலைன்னு பாத்துட்டே வந்தார், ஒரு எடத்துல குமிழி நூலளவு தள்ளி நின்னுச்சு. பையில இருந்து பழைய சீட்டுக்கட்ட எடுத்தார், கிளாவர் ரெண்ட எடுத்து பாதியா கிழிச்சு கல்லுக்கும் கட்டைக்கும் நடுவுல சொருகினார், குமிழி நடுவுல வந்து நின்னுச்சு. "ராஜா ராணியெல்லாம் சொருக மாட்டனுங்க்கா, ஆட்டத்துக்கு வேணும்ல"ன்னு ஒரு சிரிப்பு. அப்புறம் கேஸ் டார்ச்சால கல்ல லேசா சூடு பண்ணி, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற கோட்டுல தேன்மெழுக உருக்கி ஊத்தி, ஆறினதும் பிளேடால சுரண்டி விட்டார், கண்ண மூடிட்டு விரல ஓட்டினா எங்க சேருதுன்னே தெரியல. எங்க குளிருக்கு மெழுகு சீக்கிரம் இறுகிருதுன்னு ரெண்டாந்தரம் சூடு பண்ண வேண்டியதாச்சு. அதுக்கு மேல துணிய இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சு முடிக்க சாயங்காலம் அஞ்சரை. கரடி வர்றதுக்குள்ள அவர கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டோம்.

இது போட்டு ஒரு முழு மழைக்காலம் தாண்டிருச்சு, கல்லு ஒரு நூல் கூட அசையல. ஆனா துணி வேற கதை. அது கம்பளியும் நைலானும் கலந்த துணி, ஈரம் ஏறினா பந்து களிமண்ணுல ஓடுற மாதிரி மந்தமாயிரும். பெரிய போட்டிகள்ல ஸ்னூக்கர் டேபிளுக்கு கல்லுக்கு அடியிலயே ஹீட்டர் வச்சிருப்பாங்க, காரணம் இது தான். நாங்க அவ்ளோ பெரிய ஆளா, எங்க மாமியார் பீரோல துணி பூசணம் பிடிக்காம இருக்க எப்பவும் ஒரு குண்டு பல்ப் எரிய விடுவாங்க, அதே மாதிரி டேபிளுக்கு அடியில துணி, கட்டை எதுலயும் ஒட்டாம ரெண்டு பல்ப் தொங்க விட்டு மேல கவர் போட்டு மூடிருவோம். கூட 17,000க்கு ஒரு டீஹ்யூமிடிஃபயர், அதான் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கிற மெஷின், வாங்கினோம், அடைமழையில அதோட தொட்டி ஒரு நாள்ல நிறைஞ்சுரும், அந்த தண்ணிய ஊத்தப் போகும் போதெல்லாம் இத்தன ஈரத்தையா நாம மூச்சு விட்டுட்டு இருந்தோம்னு தோணும். மலையில கேம் ரூம் போடுறவங்க மொத செலவா இத எழுதிக்கோங்க. கணப்புல நெருப்பு மூட்டினா ரூம் காயும், ஆனா கரித்தூள் துணி மேல படியும், அதனால டேபிள் ரூம்ல நெருப்பு கிடையாதுன்னு சட்டம்.

ரெண்டாவது தண்டம் ஏர் ஹாக்கி, 16,000. சின்ன அஞ்சடி டேபிள், அடியில ஃபேன் சின்னச் சின்ன ஓட்ட வழியா காத்த ஊதும், வட்டு மிதக்கும். இங்க ஒரு மரம் சாஞ்சா லைன் போயிரும், இன்வெர்ட்டர்ல போட்டா காத்து பத்தல, கரண்ட் இருக்கும் போது போட்டா அந்த இரைச்சல்ல பக்கத்து ரூம்ல பேச முடியாது. இதுல நாங்க பண்ண மடத்தனம் கேரம் போர்டையும் அதே வராண்டால வச்சது, போரிக் பவுடர் பறந்து போய் ஓட்டையெல்லாம் அடைச்சிருச்சு. ஊசி வச்சு ஒவ்வொன்னா குத்தி எடுத்துட்டு இருந்தேன், பாதில கோவம் வந்து நாத்தனார் வீட்டு பிள்ளைகளுக்கு குடுத்துட்டேன். ரெண்டையும் பக்கத்துல வைக்காதீங்க.

கேரம் பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, 5,500, எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஆடுற பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம் இருக்கிற முழு சைஸ் போர்டா பாத்து வாங்குங்க, பிள்ளைகளுக்குன்னு சின்னது வாங்கினா பெரியவங்க உக்கார மாட்டாங்க. சுவத்துல சாச்சு வச்சா வளையும், படுக்க வச்சே வைங்க. பவுடர் ஈரத்துல கட்டி கட்டும், வெயில் அடிக்கிற அன்னைக்கு தட்டுல கொட்டி காய வைப்பேன். சென்னை காசிமா 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கினதுக்கு அப்புறம் பொம்பளப் பிள்ளைங்க இத கேட்டு வாங்கி ஆடுறாங்க, அது எனக்கு பிடிச்சிருக்கு.

இப்ப ஆர்கேட் மெஷின், பையனோட ஆசை. கோயமுத்தூர்ல ஒருத்தர் ஆர்டருக்கு செஞ்சு தர்றார், 46,000. பழைய காலத்து வீடியோ கேம் பார்லர்ல நின்னுட்டு ஆடுவோமே அந்த மாதிரி பெட்டி, உள்ள ராஸ்ப்பெரி பைன்னு கைக்கு அடக்கமா ஒரு கம்ப்யூட்டர், 19 அங்குல மானிட்டர், ரெண்டு பேருக்கு ஜாய்ஸ்டிக். நான் அனுபவத்துல சொல்றேன், "3000 கேம் இருக்கு"ன்னு சொன்னா மயங்காதீங்க. ஒரே கேம் ஜப்பான் வெர்ஷன், அமெரிக்கா வெர்ஷன், அதுக்கு ஒரு திருத்தம்னு ஒன்னே ஆறு தடவ வரும், நெறைய கம்பெனி கிட்ட லைசென்ஸ் வாங்காம ஏத்தினதாவும் இருக்கும், அதையும் கேட்டுக்கோங்க. எங்க வீட்டுல ஆடுறது மொத்தமே ஒரு பதினஞ்சு.

பேக்மேன் ஆடும்போது தான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. 1980ல வந்த கேம், அதோட ஒரிஜினல் மெஷின்ல ஜாய்ஸ்டிக் நாலு பக்கம் மட்டும் தான் போகும், ஸ்க்ரீனும் நெட்டுக்குத்தா இருக்கும். எங்க ஜாய்ஸ்டிக் எட்டு பக்கம் போகுறது, 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரெண்டு மாதிரி சண்ட கேமுக்கு அது தான் வேணும். ஆனா பேக்மேன்ல திரும்புற எடத்துல கை லேசா மூலைக்கு போயிருச்சுன்னா அந்த மஞ்சள் உருண்ட சுவத்துல முட்டிட்டு அப்படியே நிக்கும், பின்னாடி பேய் வந்து தின்னுரும். நான் எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன், மெஷின் செஞ்சவர் கிட்ட கேட்டா "அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குங்க்கா, அத கழட்டி திருப்பி மாட்டுனா நாலு பக்கம் ஆயிரும்"னு வீடியோ கால்லயே சொல்லிக் குடுத்தார். திருப்பினேன், அன்னைக்கு ராத்திரியே பையன் ஸ்கோர தாண்டிட்டேன். ஆர்டர் குடுக்கும்போதே இத கேட்டு வாங்குங்க. பெட்டிய எம்டிஎஃப்ல செய்யாம பிளைவுட்ல செய்ய சொல்லுங்க, பட்டது போதும்னு நாங்க மரைன் பிளை கேட்டோம், கூட 4,000 ஆச்சு, அந்த 46க்குள்ள தான். உள்ள கம்ப்யூட்டர் எப்பவும் லேசா சூடா இருக்கிறதால பெட்டி தானா காஞ்சுக்குது, மொத்தமா மின்சாரம் கொஞ்சம் தான் இழுக்குது, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடும். குறைன்னா, ரெண்டு பேர் ஆடினா மத்த எட்டு பேர் முதுகத் தான் பாக்கணும்.

அதுக்கு தான் ஃபூஸ்பால், கம்பில மாட்டின பொம்மைய வச்சு மேஜை மேல ஆடுற கால்பந்து. 24,000, நாலரை அடி டேபிள். எங்ககிட்ட இருக்கிறதுலயே கெஸ்ட்டுக்கு அதிகமா பிடிச்சது இது தான், எனக்கே ஆச்சரியம். எட்டு கம்பி, ஒவ்வொரு பக்கமும் பதினோரு பொம்மை, கோல்ல ஒன்னு, அடுத்து ரெண்டு, நடுவுல அஞ்சு, முன்னாடி மூணு. ரூல் சொல்லவே வேணாம், கம்பிய கரகரன்னு சுத்தக் கூடாதுங்கிறத தவிர. ரெண்டு ரூம்ல ஒருத்தர ஒருத்தர் தெரியாத குடும்பம் தங்கியிருக்கும், டைனிங் டேபிள்ல எதிரெதிரா உக்காந்து போனப் பாத்துட்டே சாப்பிடுவாங்க, அவங்களயே இந்த டேபிள்ல நாலு பேரா நிக்க வச்சா அஞ்சாவது நிமிஷம் "யோவ் கோலிய பாருய்யா"ன்னு கத்துறாங்க. வாங்கும் போது எடை கேளுங்க, 40 கிலோக்கு கம்மின்னா ஆட்டம் சூடு பிடிச்சா டேபிள் வராண்டா முழுக்க நகர்ந்து வரும். கம்பி இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் நீட்டிட்டு வரும், சின்னக் குழந்தைங்க மூஞ்சி உயரத்துக்கு, அதனால குழந்தை இருக்கிற வீடுன்னா கம்பி உள்ளுக்குள்ளயே சுருங்குற மாடல் பாருங்க, நாங்க அது தெரியாம சாதா மாடல் வாங்கிட்டோம், இப்ப குட்டிப் பசங்க வந்தா நான் பக்கத்துலயே காவல் நிக்கிறேன். மழைக்காலத்துல கம்பில துருப்புள்ளி வந்துச்சு, தேங்காண்ணெய் போட்டா தூசி ஒட்டி பிசுபிசுன்னு ஆயிருது, சிலிக்கான் ஸ்ப்ரே தான் சரி.

டேபிள் டென்னிஸ் ஏன் இல்லன்னு நெறைய பேர் கேக்குறாங்க. மேஜை 9 அடிக்கு 5 அடி தான், ஆனா பின்னாடி தள்ளி நிக்க எடம் வேணும்ல, கார் ஷெட்ல போடலாம்னா அங்க அடிக்கிற காத்துல பந்து பள்ளத்துக்கு போயிரும், பள்ளத்துல கரடி.

இப்ப வீட்டுக்காரர் டார்ட் போர்டு கேட்டு ஆரம்பிச்சிருக்கார். செலவு கம்மி தான், கரண்ட் வேணாம், எடமும் கொஞ்சம் தான், போர்டு நடுப்புள்ளி தரையில இருந்து 5 அடி 8 அங்குலம், எறியுற ஆள் 7 அடி 9 அங்குலம் தள்ளி நிக்கணும். டேப்ப வச்சு வீடு முழுக்க அளந்துட்டு வந்தார், அந்த அளவுக்கு காலியா மிச்சம் இருக்கிற சுவர் ஒன்னே ஒன்னு தான், அதுல கெஸ்ட் பாத்ரூம் கதவு இருக்கு. கதவ உள்பக்கமா தொறக்குற மாதிரி மாத்திரலாம்ங்கிறார்.